நான்கு இடம் இரண்டானது: டோக்குஷிமா–கோச்சி இணைப்புத் தொகுதி, 2015 முதல் 2025 வரை

இது ஜப்பான் நாடாளுமன்ற மேலவையின் ஒரு தொகுதியைப் பற்றிய ஆய்வு. ஷிக்கோக்கு தீவில் பக்கத்துப் பக்கத்து மாகாணங்களான டோக்குஷிமாவையும் கோச்சியையும் 2015-இல் ஒரே தொகுதியாக்கினார்கள். அதற்கான காரணம், முடிவெடுத்த விதம், பத்தாண்டில் நடந்தவை ஆகியவற்றைக் கால வரிசையில் தருகிறேன். வேட்பாளர்கள், உறுப்பினர்கள் யாருடைய பெயரும் இதில் இல்லை. யார் எந்த மாகாணத்துக்காரர் என்பது மட்டும் தெரிந்தால் போதும், இந்தக் கதை முழுக்க அதைச் சுற்றித்தான்.

பின்னணி

மேலவை உறுப்பினரின் பதவிக்காலம் 6 ஆண்டு. 3 ஆண்டுக்கு ஒருமுறை பாதி இடங்களுக்குத் தேர்தல் நடக்க வேண்டும் என்கிறது அரசமைப்புச் சட்டத்தின் 46-ஆம் பிரிவு. சிக்கலின் வேர் இங்கேதான். 1947-இல் மேலவை உருவானபோது மாகாணத்தையே தொகுதியாக வைத்தார்கள். தேர்தல் பாதி பாதியாக நடப்பதால், எவ்வளவு சின்ன மாகாணமாக இருந்தாலும் குறைந்தது 2 இடம் கொடுத்தாக வேண்டும். கிராமங்களை விட்டு மக்கள் டோக்கியோவுக்கும் ஒசாக்காவுக்கும் போய்ச் சேர்ந்த பிறகும் அந்த 2 இடம் அப்படியே இருந்தது. 2010 தேர்தல் நடந்தபோது கனகாவா மாகாணத்தில் சுமார் 90 லட்சம் பேருக்கு 6 இடம். டொட்டோரியில் 6 லட்சத்தை எட்டாத மக்களுக்கு 2 இடம். வாக்காளர் எண்ணிக்கையில் பார்த்தால் ஒரு டொட்டோரி வாக்கு 5 கனகாவா வாக்குக்குச் சமம்.

இந்த ஏற்றத்தாழ்வை எதிர்த்து வழக்குப் போடுவதை ஜப்பானில் வழக்கறிஞர் குழுக்கள் ஒரு வேலையாகவே வைத்திருக்கின்றன. ஒவ்வொரு தேர்தல் முடிந்ததும் நாடு முழுக்க உயர் நீதிமன்றங்களில் மனுக்கள் விழும். பல காலம் உச்ச நீதிமன்றம் பொறுமையாகவே இருந்தது. மாகாணத்துக்கு ஒரு தனி அடையாளம் உண்டு, அதன் குரல் மேலவையில் ஒலிப்பதில் நியாயம் இருக்கிறது என்று 1983-இல் சொன்னது அதே நீதிமன்றம்தான். 1992 தேர்தலில் வாக்கு மதிப்பின் வித்தியாசம் 6.59 மடங்கு வரை போனபோது, நிலைமை அரசமைப்புக்கு முரணாக இருக்கிறது என்று 1996-இல் சொன்னது. ஆனாலும் தேர்தலை ரத்து செய்யவில்லை.

திருப்பம் வந்தது 2012 அக்டோபரில். 2010 தேர்தலை ஆராய்ந்த முழு அமர்வு, மாகாணத்தைத் தொகுதியின் அலகாக வைத்திருக்கும் முறையையே மாற்ற வேண்டும் என்று வெளிப்படையாகச் சொன்னது. 4.77 மடங்கு வித்தியாசத்தில் நடந்த 2013 தேர்தலைப் பற்றி 2014 நவம்பரில் வந்த தீர்ப்பும் அதையே திரும்பச் சொன்னது. இனி அங்கே ஒரு இடம், இங்கே ஒரு இடம் என்று ஒட்டுப் போட்டுத் தப்பிக்க முடியாது.

இரண்டு மாகாணங்கள்

2010 மக்கள்தொகைக் கணக்கின்படி டோக்குஷிமாவில் 7,85,491 பேர், கோச்சியில் 7,64,456 பேர். எண்ணிக்கையில் இரட்டைப் பிள்ளைகள் மாதிரி இருந்தாலும் இரண்டும் முகம் பார்க்கும் திசை வேறு. 1998-இல் ஆக்காஷி கடற்பாலம் திறந்ததிலிருந்து டோக்குஷிமாவின் வியாபாரமும் போக்குவரத்தும் கோபே, ஒசாக்கா பக்கம் சாய்ந்துவிட்டன. அங்குள்ள வீடுகளில் ஒசாக்கா தொலைக்காட்சிதான் ஓடும். கோச்சி பசிபிக்கைப் பார்த்த நீண்ட கடற்கரை. அதன் பெரிய கவலை, நங்காய் அகழியில் வரக்கூடிய நிலநடுக்கமும் சுனாமியும். 2012-இல் அரசு வெளியிட்ட மதிப்பீட்டில், அந்த மாகாணத்தின் குரோஷியோ ஊருக்கு 34.4 மீட்டர் உயர அலை வரலாம் என்று இருந்தது. நாட்டிலேயே அதிக உயரம் அதுதான்.

நடுவில் ஷிக்கோக்கு மலைத்தொடர். ரயிலில் போனால் ஆவா-இக்கேதாவில் இறங்கி வண்டி மாற வேண்டும். விரைவுச் சாலையில் ஒரு தலைநகரிலிருந்து இன்னொன்றுக்கு இரண்டரை மணி நேரம் ஆகும். இரண்டையும் இணைப்பது யோஷினோ ஆறு. அதிலும் ஒரு நெருடல் உண்டு. சமேஉரா அணை கட்டப்பட்டது கோச்சியின் மலையில், தண்ணீரின் பெரும்பயன் கீழே உள்ள மற்ற மாகாணங்களுக்கு. மேல்மடைக்காரருக்கும் கீழ்மடைக்காரருக்கும் ஒரே உறுப்பினர் பேச வேண்டும் என்பது வரைபடத்தில் தெரியாத விஷயம்.

இன்னொன்றையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். 2014 டிசம்பர் கீழவைத் தேர்தலில்தான் இந்த இரண்டு மாகாணங்களும் ஆளுக்கு ஒரு இடத்தை இழந்திருந்தன, மூன்று இரண்டாகியிருந்தது. அந்தக் காயம் ஆறுவதற்குள் மேலவைப் பேச்சு வந்தது.

2015: எடுத்த முடிவும் அதன் காரணமும்

மேலவைக் கட்சிகளின் ஆலோசனைக் குழுவில் 2014-இலேயே ஒரு துணிச்சலான வரைவு வந்தது. 22 மாகாணங்களை 11 ஜோடிகளாக்கி வித்தியாசத்தை 2 மடங்குக்குள் கொண்டுவருவது அந்த யோசனை. முன்வைத்தவர் ஆளும் லிபரல் ஜனநாயகக் கட்சியின் மூத்த உறுப்பினர். சொந்தக் கட்சியிலேயே எதிர்ப்பு கிளம்பியது, குழுத் தலைவர் பொறுப்பிலிருந்து அவரை மாற்றினார்கள்.

2015 கோடையில் மேசையில் இரண்டு திட்டங்கள் இருந்தன. முக்கிய எதிர்க்கட்சியான ஜனநாயகக் கட்சியும், அன்றைய ஆளும் கூட்டணியின் சிறிய கட்சியான கொமெய்தோவும் 20 மாகாணங்களை 10 தொகுதிகளாக்கும் திட்டத்தைக் கொண்டுவந்தன. அதில் வித்தியாசம் 1.95 மடங்கு. சிறிய எதிர்க்கட்சிகள் நான்கு கொண்டுவந்து, லிபரல் ஜனநாயகக் கட்சியும் ஏற்றுக்கொண்ட திட்டத்தில் இணைப்பு இரண்டே இரண்டு: டொட்டோரியும் ஷிமானேயும், டோக்குஷிமாவும் கோச்சியும். கூடவே மியாகி, நீகாத்தா, நகானோவில் 2 இடம் குறைத்து, ஹொக்கைடோ, டோக்கியோ, ஐச்சி, ஹியோகோ, ஃபுக்குவோக்காவுக்கு 2 இடம் கூட்டுவது. வித்தியாசம் 2.97 மடங்கு.

ஏன் இந்த நான்கு? மக்கள்தொகையில் கடைசி நான்கு இவைதான். அவை தற்செயலாக ஒட்டிய இரண்டு ஜோடிகளாகவும் அமைந்தன. அடுத்தது 8 லட்சத்தைச் சற்றே தாண்டிய ஃபுக்குயி. இணைப்புக்கான எல்லைக்கோட்டை ஃபுக்குயிக்குக் கீழே போட்டதால் 3 மடங்கு என்ற மனத்தடையைத் தாண்டாமல் கணக்கு முடிந்தது. பத்து இணைப்பு என்றால் ஒற்றை இடத் தொகுதிகளில் வேரூன்றிய ஆளுங்கட்சிக்கு இழப்பு அதிகம். இரண்டு இணைப்பு என்றால் நீதிமன்றத்துக்கு ஒரு பதிலும் ஆயிற்று, இழப்பும் குறைவு. இந்த முடிவுக்குப் பின்னால் கொள்கை இருந்ததாக எனக்குத் தெரியவில்லை, கூட்டல் கழித்தல்தான் இருந்தது.

மேலவையில் வாக்கெடுப்பின்போது அந்த மாகாணங்களைச் சேர்ந்த ஆளுங்கட்சி உறுப்பினர்கள் சிலர் அவையை விட்டு எழுந்து போனார்கள். 2015 ஜூலை 28-இல் சட்டம் நிறைவேறியது. அதன் பிற்சேர்க்கையில் ஒரு வாக்குறுதி இருந்தது: 2019 தேர்தலுக்குள் முறையை அடிப்படையிலிருந்தே மறுபரிசீலனை செய்து, கட்டாயம் ஒரு முடிவுக்கு வருவோம்.

நடைமுறையில் மாறியவை இவை. முன்பு இரண்டு மாகாணத்துக்கும் தலா 2, ஆக 4 உறுப்பினர்கள். இப்போது இரண்டுக்கும் சேர்த்து 2, அதாவது ஒரு தேர்தலில் ஒருவர். இரு மாகாணத்துக்கும் பொதுவாகக் கூட்டுத் தேர்தல் ஆணையம் ஒன்று அமைந்தது. வேட்பாளருக்குப் பிரச்சார வண்டி ஒன்றுக்குப் பதில் இரண்டு அனுமதித்தார்கள். பிரச்சார நாட்கள் கூடவில்லை, அதே 17 நாள்தான். வண்டி இரண்டானாலும் வேட்பாளர் ஒருவர்தானே!

2016: முதல் தேர்தல்

2016 ஜூலை 10 தேர்தலில் முக்கிய வேட்பாளர்கள் இருவரும் டோக்குஷிமாக்காரர்கள். ஒருவர் ஆளுங்கட்சியின் பதவியிலிருந்த உறுப்பினர், இன்னொருவர் எதிர்க்கட்சிகள் சேர்ந்து நிறுத்திய உள்ளூர் வழக்கறிஞர். ஆளுங்கட்சிக்காரர் வென்றார். கோச்சியில் வாக்குப்பதிவு 45.52 சதவீதம், 47 மாகாணங்களில் கடைசி. நாடு தழுவிய சராசரி 54.70.

ஜப்பானில் வாக்குச்சீட்டில் முத்திரை குத்துவதில்லை. சாவடிக்குள் பென்சில் இருக்கும், வேட்பாளரின் பெயரைக் கையால் எழுத வேண்டும். எழுத இடம் இருப்பதால் சிலர் வேறு எதையாவது எழுதிவிட்டும் வருவார்கள். கோச்சியில் அன்று செல்லாத வாக்கின் விகிதம் நாட்டிலேயே அதிகம். இணைப்புக்கு எதிர்ப்பு என்று பெயருக்குப் பதில் எழுதிப் போட்ட சீட்டுகளும் அதில் இருந்தன. வீட்டில் படுத்திருந்தவரின் கோபத்தை அளக்க முடியாது. சாவடி வரை நடந்து வந்து, வாக்கு வீணாகும் என்று தெரிந்தே எழுதிவிட்டுப் போனவரை அப்படி ஒதுக்க முடியாது.

அதே மாதம் மாகாண ஆளுநர்களின் தேசிய அமைப்பு, இணைப்பை விரைவில் நீக்கக் கோரித் தீர்மானம் போட்டது. அதில் ஒருமனதில்லை, நகர மாகாணங்களின் பார்வை வேறு. நியாயமும்தான். ஒரு வாக்கின் மதிப்பு மூன்றில் ஒன்றாக இருப்பவர்கள் அவர்கள்.

2017–2018: தீர்ப்பும் ஒட்டுவேலையும்

2016 தேர்தலில் வித்தியாசம் 3.08 மடங்கு. 2017 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் அதை அரசமைப்புக்கு உட்பட்டது என்று ஏற்றது. மாகாண எல்லையைத் தாண்டி முதன்முறையாகத் தொகுதி அமைத்ததும், 2019-க்குள் மறுபரிசீலனை என்ற வாக்குறுதியும் காரணங்களாகச் சொல்லப்பட்டன. அழுத்தம் குறைந்ததும் வாக்குறுதியும் தளர்ந்தது. 2018 மார்ச்சில் லிபரல் ஜனநாயகக் கட்சி தன் அரசமைப்புத் திருத்த யோசனைகள் நான்கில் இணைப்பு நீக்கத்தையும் ஒன்றாக வைத்தது. அரசமைப்பைத் திருத்த இரு அவையிலும் மூன்றில் இரண்டு பங்கும், பிறகு மக்கள் வாக்கெடுப்பும் வேண்டும். அது உடனே நடக்காது என்பது எல்லோருக்கும் தெரியும்.

அதனால் 2018 ஜூலையில் வேறு வழி பிடித்தார்கள். மேலவை இடங்களை 242-லிருந்து 248 ஆக்கினார்கள். சைத்தாமா மாகாணத்துக்கு 2, நாடு முழுக்கக் கட்சி பெறும் வாக்குக்கேற்ப இடம் பிரிக்கும் விகிதாசாரப் பட்டியலுக்கு 4. அந்தப் பட்டியலில் ‘சிறப்பு இடம்’ என்ற ஏற்பாடும் வந்தது. வழக்கமாகப் பட்டியலில் யாருக்குத் தனிப்பட்ட வாக்கு அதிகமோ அவர் முதலில் தேர்வாவார். சிறப்பு இடத்தில் வைக்கப்பட்டவர் வாக்கே பெறாவிட்டாலும் கட்சிக்குக் கிடைக்கும் இடங்களில் முதலில் உட்காருவார். இணைப்பில் வேட்பாளர் கிடைக்காத மாகாணத்துக்காரரை ஆளுங்கட்சி அங்கே வைத்துக்கொள்ளலாம். கட்சியின் உள்ளூர்ச் சண்டை அதோடு தீர்ந்தது.

சட்டத்தில் ஒரு விசித்திரம். சிறப்பு இடத்து வேட்பாளர் தனக்கெனச் சுவரொட்டி ஒட்டக் கூடாது, பிரச்சார வண்டி ஓட்டக் கூடாது, தனியாகக் கூட்டம் போடவும் கூடாது. ஒரு மாகாணத்தின் குரலாக வைக்கப்படுகிறவர் அந்த மாகாணத்திலேயே தன் முகத்தைக் காட்டி வாக்குக் கேட்க முடியாது.

2019: சுழற்சி மாறியது

2019 ஜூலை 21-இல் நிலைமை தலைகீழ். தொகுதியில் முக்கிய வேட்பாளர்கள் இருவரும் கோச்சியைச் சேர்ந்தவர்கள். ஆளுங்கட்சியின் டோக்குஷிமாக்காரர் சிறப்பு இடத்துக்குப் போனார். டோக்குஷிமாவில் வாக்குப்பதிவு 38.59 சதவீதம். இந்த முறை நாட்டிலேயே கடைசி அது.

சிறப்பு இடத்தின் வேறொரு பயன்பாடும் அன்று தெரிந்தது. புதிய கட்சியான ரெய்வா ஷின்செங்குமி, கடும் உடல் ஊனமுற்ற இருவரை அதில் வைத்தது. கட்சிக்குக் கிடைத்தவை இரண்டே இடம். இருவரும் அவைக்குப் போனார்கள், சுமார் 9.9 லட்சம் தனிப்பட்ட வாக்கு வாங்கிய கட்சித் தலைவர் வெளியே நின்றார். பெரிய சக்கர நாற்காலிகளுக்காக அவையின் இருக்கை அமைப்பையே மாற்ற வேண்டியிருந்தது. கட்சித் தொல்லை தீர்க்க வந்த விதி நல்லது ஒன்றையும் செய்துவிட்டுப் போனது.

2022: கணக்குக்கு அடங்காத தேர்தல்

இதுவரை படித்தால் ஒரு சூத்திரம் கிடைத்தமாதிரி தோன்றும்: எந்தப் பக்கத்து வேட்பாளர் இல்லையோ அந்தப் பக்கம் வாக்குப்பதிவு விழும். 2022 அதைக் கொஞ்சம் குலைக்கிறது. ஆளுங்கட்சி வேட்பாளர் மறுபடியும் டோக்குஷிமாக்காரர், அவரே வென்றார். கோச்சிக்காரர் சிறப்பு இடத்தில் போனார். ஆனால் நாட்டின் மிகக் குறைந்த வாக்குப்பதிவு டோக்குஷிமாவில்தான், 45.72 சதவீதம். சொந்த ஊர்க்காரர் நின்றும் கூட்டம் திரும்பி வரவில்லை. வெல்பவர் யாரென்று முன்பே தெரிந்த தேர்தல் என்பது ஒரு காரணமாக இருக்கலாம். ஒருமுறை விட்டுப்போன பழக்கம் எளிதில் திரும்பாது என்பதையும் நான் சேர்த்துக்கொள்வேன்.

2023: இரண்டு ராஜினாமா

இந்த ஏற்பாட்டின் பலவீனம் முழுதாக வெளிப்பட்ட ஆண்டு இது.

ஜனவரியில், 2019-இல் சிறப்பு இடத்தில் தேர்வான டோக்குஷிமாக்காரர் மாகாண ஆளுநர் தேர்தலில் நிற்கப் பதவி விலகினார். ஆளுநர் தேர்தலிலும் தோற்றார். காலியான மேலவை இடம் யாருக்குப் போனது? விகிதாசாரப் பட்டியல் என்பதால் அதில் அடுத்து அதிக வாக்கு பெற்றிருந்தவருக்கு. அவர் இயன்முறை சிகிச்சையாளர்கள் தரப்பிலிருந்து வந்தவர், டோக்குஷிமாவுக்காக நிறுத்தப்பட்டவர் அல்ல. டோக்குஷிமாவின் குரல் என்று சொல்லி உருவாக்கிய இருக்கை ஒரே நாளில் யாருடையதோ ஆனது. தொகுதி உறுப்பினர் விலகினால் இடைத்தேர்தல் உண்டு. சிறப்பு இடத்துக்காரர் விலகினால் மாகாணத்துக்கு எதுவும் இல்லை. 2018-இல் இதை யாரும் யோசிக்கவில்லையா, யோசித்தும் விட்டுவிட்டார்களா என்று கேட்கத் தோன்றுகிறது.

ஜூனில், 2019-இல் தொகுதியில் வென்ற கோச்சிக்காரர் தன் செயலாளரை அடித்த விவகாரத்தில் பதவி விலகினார். அக்டோபர் 22-இல் இடைத்தேர்தல். கட்சியின் சுழற்சிக் கணக்கில் அது கோச்சியின் இடம், அதனால் ஆளுங்கட்சி கோச்சியிலிருந்தே ஆள் நிறுத்தியது. எதிரே நின்ற சுயேச்சையும் கோச்சிக்காரர். இணைப்புக்கு முன் கோச்சியின் தனித் தொகுதியில் இரண்டு முறை வென்றவர். வேறு வேட்பாளர் இல்லை.

கோச்சியில் 40.75 சதவீதம் பேர் வாக்களித்தார்கள். டோக்குஷிமாவில் 23.92. நான்கில் ஒருவர்கூட இல்லை. சுயேச்சை வேட்பாளர் வென்றார்.

அதே மாதம் 18-ஆம் தேதி, 2022 தேர்தலின் 3.03 மடங்கு வித்தியாசத்தை உச்ச நீதிமன்றம் ஏற்றுத் தீர்ப்பளித்திருந்தது. இணைந்த மாகாணங்களில் வாக்குப்பதிவு குறைவதற்கும் இணைப்புக்கும் தொடர்பு உண்டு என்ற கருத்து அந்தத் தீர்ப்பிலேயே பேசப்பட்டது. நான்கு நாள் கழித்து டோக்குஷிமா அதற்கு எண்ணிக்கை கொடுத்தது.

2025: இப்போதைய நிலை

2025 ஜூலை 20 தேர்தலிலும் அமைப்பு மாறவில்லை. தொகுதியில் அதே சுயேச்சை கோச்சியிலிருந்து மீண்டும் வென்றார், ஆளுங்கட்சி நிறுத்தியவரும் கோச்சிக்காரர்தான். ஆளுங்கட்சியின் சிறப்பு இடத்தில் டோக்குஷிமாக்காரர் ஒருவர் அவைக்குப் போனார். நாட்டின் அதிகபட்ச வித்தியாசம் 3.13 மடங்கு, கனகாவாவுக்கும் ஃபுக்குயிக்கும் நடுவே. இணைப்புக்குப் பிறகு நடந்த ஒவ்வொரு தேர்தலிலும் ஒப்பீட்டின் அடிமட்டத்தில் நிற்பது ஃபுக்குயிதான்.

மாற்ற வேண்டியவை

2015-இல் தவறு இணைத்ததில் இல்லை, இரண்டு ஜோடியோடு நிறுத்தியதில் என்பது என் கணிப்பு. பத்து ஜோடி இணைந்திருந்தால் அது நாட்டின் பொது விதியாக இருந்திருக்கும். இரண்டு ஜோடி மட்டும் என்றதும் நான்கு மாகாணத்தாருக்கு அது தண்டனையாகத் தெரிந்தது. பக்கத்து எஹிமேயும் ககாவாவும் தனித் தொகுதியாக இருக்க, தங்களுக்கு மட்டும் ஏன் இது என்ற கேள்விக்கு மக்கள்தொகைக் கணக்கைத் தவிர வேறு பதில் யாரிடமும் இல்லை.

அப்படியே விட முடியாதென்றால் வழிகள் மூன்று. அரசமைப்பைத் திருத்தி மாகாணத்துக்கு ஓர் இடம் உறுதி செய்வது முதலாவது. அப்போது நகர வாக்காளரின் குறைந்த மதிப்பு நிரந்தரமாகிவிடும், அதை மறைக்காமல் மக்களிடம் கேட்க வேண்டும். இரண்டாவது, மாகாணத் தொகுதிகளை மொத்தமாகக் கைவிட்டு நாட்டைச் சில பெரிய வட்டாரங்களாகப் பிரித்து, வட்டாரத்துக்குப் பல உறுப்பினர்கள் வைப்பது. ஷிக்கோக்கு முழுக்க ஒரே வட்டாரம் என்றால் டோக்குஷிமாவும் கோச்சியும் எஹிமேயோடும் ககாவாவோடும் ஒரே நிலையில் நிற்கும். என் ஓட்டு இதற்குத்தான். மூன்றாவது, மேலவை இடங்களைக் கூட்டுவது. அரசியல்வாதிகளின் எண்ணிக்கையைக் கூட்ட எந்த நாட்டு மக்களும் கைதட்டுவதில்லை.

எதுவும் உடனே நடக்காவிட்டாலும் சிறப்பு இடத்தைச் சரிசெய்ய அரசமைப்புத் திருத்தம் தேவையில்லை. அந்த வேட்பாளர் சம்பந்தப்பட்ட மாகாணத்தில் பிரச்சாரம் செய்ய அனுமதிக்கலாம். விலகினால் அதே மாகாணத்துக்காரர் வரும்படி பட்டியல் விதியைத் திருத்தலாம். இரண்டும் சாதாரணச் சட்டத் திருத்தங்கள்.

அடுத்த மேலவைத் தேர்தல் 2028-இல். 2020 கணக்கெடுப்பிலேயே ஃபுக்குயி 7,66,863-க்கு இறங்கிவிட்டது. இணைக்கப்பட்டபோது கோச்சியில் இருந்ததாகக் கணக்கிடப்பட்ட எண்ணிக்கையும் ஏறக்குறைய அதுவே. 2025 அக்டோபரில் புதிய கணக்கெடுப்பு நடந்திருக்கிறது. பழைய எல்லைக்கோட்டையே வைத்துக்கொண்டால், 2015-இல் டோக்குஷிமாவும் கோச்சியும் கேட்ட கேள்வியை அடுத்துக் கேட்கப் போவது ஃபுக்குயிதான்.